தடிக்காரியின் மீன்

சனிக்கிழமைகளில் எங்கள் வாசல் படலைக்கு மீன் வரும். பதினொரு மணிக்கு முன்பின்னாக ஒரு சொப்பின் பைக்குள் போட்டுப் படலைக் கம்பியில் கொழுவிவிட்டுப் போவார்கள். சில கிழமை இரண்டு இருக்கும், சில கிழமை ஒன்று. எல்லாம் யப்பான் மீன்தான், திலாப்பியா என்கிறார்களே, அது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் தூண்டிலுக்கு வேறென்ன பெரிதாய்ப் படப்போகிறது? ஒரு வருடத்துக்குக் கிட்ட அப்படி வந்தது. அது என் மகளுக்கு உரிய மீன். அவள் செத்துப்போன பிறகும் அவளுக்கென்று பட்ட மீன்.

இது விளங்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் குளத்தைச் சொல்ல வேண்டும்.

குளம் என்பது பேருக்குத்தான். தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் றோட்டுப் போடுவதற்குக் கிரவல் அள்ளிய கிடங்கு அது. இரண்டு மாரி மழையில் நிரம்பி, கரையில் புல் முளைத்து, தானாகவே குளம் ஆகிவிட்டது. அதற்கு முன் பிள்ளைகள் தூண்டிலோடு பெரிய குளத்துக்குத்தான் ஓடுவார்கள். அங்கே ஆழம், முதலையும் உண்டு. அடித்தும் பார்த்தோம், கட்டியும் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஊர்ச் சங்கத்து ஆட்கள் கூடிக் கதைத்து, கிடங்கின் ஒரு பக்கத்தை மெசின் பிடித்துச் சரிவாக்கி, ஆழமான பக்கத்துக்குக் கம்பி அடித்தார்கள். பெரிய குளத்திலிருந்து மீன்குஞ்சுகளைப் பரலில் கொண்டுவந்து விட்டார்கள். இது பிள்ளைகளின் குளம், பெரியவர்கள் இதில் கை வைக்கக் கூடாது, வலை கூடாது, சனிக்கிழமை காலையில் தூண்டில் மட்டும் என்று சொன்னார்கள். பெரியவர்கள் போட்ட சட்டம் அவ்வளவுதான். மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொண்டார்கள். எங்கள் சட்டத்தில் ஓட்டை இருந்தது. அவர்களுடையதில் இருக்கவில்லை.

தூண்டில் தடியை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் களவாகப் பெரிய குளத்துக்குப் போவார்கள் என்று அவர்களுக்கே தெரியும். கரையில் நின்ற மருத மரத்தில் எல்லாத் தடிகளும் சாய்த்து வைத்திருக்கும். தடி ஆருடையதோ மீன் அவருடையது. இழுத்தது ஆராய் இருந்தாலும் சரிதான். சின்னதுகளுக்கு இழுக்கப் பலம் போதாது, பெரியதுகள் இழுத்துக் கொடுக்கும், அதனால் வந்த வழக்கம். ஒரு கை அளவுக்குக் குறைந்த மீன் திரும்பத் தண்ணீருக்குள் போக வேண்டும். ஆரின் கை என்று ஒரு சண்டை வந்ததாம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தடியின் அடியில் தடிக்காரர் கையை விரித்து வைப்பார். மணிக்கட்டுக்கு நேரே ஒரு வெட்டு, நடுவிரல் நுனிக்கு நேரே ஒரு வெட்டு. அந்த இரண்டு வெட்டுக்கும் இடையில்தான் மீனை வைத்து அளப்பது. சித்திரை பிறந்ததும் கையைத் திரும்ப வைத்து, வளர்ந்த அளவுக்கு விரல் நுனியில் புது வெட்டு. சின்னக் கைக்காரருக்குச் சின்ன மீனும் செல்லும். நாங்கள் சங்கத்தில் கூடியிருந்து இப்படி ஒரு நியாயம் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

எங்கள் வீட்டில் மீன் பிடித்த பரம்பரை கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். என் கணவரின் ஆட்களும் அப்படித்தான். எங்களுக்கு மீன் என்றால் கருவாடு, இல்லாவிட்டால் ரின்னில் அடைத்த மீன். மகள் முதன்முதலில் ஒரு யப்பானைக் கொண்டுவந்து குசினிக்குள் போட்டபோது அது துள்ளியது. நான் கதிரையில் ஏறி நின்றேன். பக்கத்து வீட்டு அக்காதான் வந்து, சாம்பல் தேய்த்துச் செதில் எடுக்கவும், முள்ளுச் செட்டையை எந்தப் பக்கத்தால் வெட்டுவதென்றும் காட்டித் தந்தா. மகள் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அது உங்களைக் கடிக்காது. நான் பிடிச்சுக்கொள்ளுறன், நீங்கள் வெட்டுங்கோ."

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மற்றப் பிள்ளைகளின் தடியெல்லாம் காட்டில் வெட்டிய கம்பு. அவளுடையது மட்டும் மூங்கில். இவர் ஒரு செத்தவீட்டுக்காக மலைநாட்டுக்குப் போனபோது வெட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பஸ் மாறி, கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, புளியங்குளம் வரை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தாராம். "ஒரு தடிக்கு இவ்வளவு பாடா?" என்று நான் பேசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் அந்தத் தடியை அன்றைக்கு முழுவதும் கீழே வைக்கவில்லை.

அவள் மூன்று சித்திரைக்குக் கை வைத்தாள். நான் குளத்துப் பக்கம் போய் அதைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை எனக்குக் கச்சான் கடலைத் தோட்டத்தில் அரை நாள் கூலி வேலை. வந்து குளித்துவிட்டு அவள் கொண்டுவந்ததை வெட்டிச் சமைப்பேன். அவ்வளவுதான்.

பதினொன்றாம் வயதில், மாரி தொடங்கிய கையோடு, அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனி முழுவதும் மழையில் நனைந்துகொண்டு குளத்தடியில் நின்றிருந்தாள். "சொல்லு வழி கேட்டாத்தானே, அந்தத் தண்ணிக்க நிண்டு நிண்டு எடுத்த வருத்தம்" என்று ஏசிக்கொண்டே கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பனடோல் கொடுத்தேன். அடுத்த சனி அவள் கொஞ்சம் எழும்பி இருந்து, போய்ப் பார்த்துவிட்டு வரட்டா என்று கேட்டாள். தடியைத் தொட மாட்டாளாம், சும்மா இருந்து பார்ப்பாளாம். காய்ச்சல் விட்டிருந்தது. நான் ஏசி மறித்துவிட்டேன். பின்னேரம் சத்தி எடுத்தாள். கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டெங்கு என்றார்கள். திங்கட்கிழமை முடிந்துவிட்டது.

அவள் கடைசியாக என்னிடம் கேட்டது குளத்தடிக்குப் போகத்தான். நான் கடைசியாகச் சொன்னது ஏச்சு. இதை நான் ஆரிடமும் சொல்லி ஆறியதில்லை.

அவள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு கொடுத்து முடிய நான் எழும்பி அவர்களுக்கு முன்னால் நின்றேன்.

"அந்தக் கிடங்கை மூடுங்கோ. அந்த நுளம்புதான் என்ர பிள்ளையைக் கொண்டது. இன்னொரு பிள்ளை போறதுக்கு முதல் மூடுங்கோ."

பிள்ளையைப் பறிகொடுத்தவளோடு ஆர் நியாயம் கதைப்பார்கள்? மூன்றாம் நாளே சரிவுப் பக்கத்துக்கு முள்ளுக் கொப்புகளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். மழை விட்டதும் மண் நிரப்புவதாகச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் முள்ளுக்கு வெளியே வரிசையாகக் குந்தியிருந்ததை நான் ஒழுங்கையில் நின்று கண்டேன். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், என் பிள்ளைக்கு இல்லாதது இவர்களுக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வெள்ளத்தால் வரப் பிந்திவிட்டது என்றார். முதலில் குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு எங்கள் வளவுக்கு வந்தார். நான் குளத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்டேன் என்பதை விடச் சண்டைக்குப் போனேன் என்று சொல்லலாம்.

"மீன் கிடக்கிற தண்ணியில அந்த நுளம்பு பெருகாது அம்மா. குடம்பியை மீன் திண்டிடும். இது சின்னச் சின்ன நல்ல தண்ணியிலதான் முட்டை போடுறது."

சொல்லிக்கொண்டே குசினிக்குப் பின்னால் போனார். அங்கே குந்து மாதிரி ஒரு அரைச் சுவர் இருக்கிறது. அதன் மேல் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. மகள் தூண்டிலுக்கு நாக்கிளிப்புழு போட்டு வைக்கிற சிரட்டைகள். ஈர மண் போட்டுப் புழுவை விட்டு, வாழை இலைத் துண்டால் மூடி வைப்பாள். மழை மண்ணைக் கழுவிவிட்டது. சிரட்டை நிறையத் தெளிந்த தண்ணீர் நின்றது. அவர் ஒன்றை எடுத்துச் சாய்த்து எனக்குக் காட்டினார். தண்ணீருக்குள் சின்னப் புழுக்கள் துடித்துத் துடித்து மேலே வந்தன.

இதிலிருந்து வந்ததுதானா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். "அதை ஆராலும் சொல்லேலாது அம்மா. எங்கயும் இருந்து வந்திருக்கலாம்" என்றார். பிறகு ஒவ்வொரு சிரட்டையாகத் தானே கவிழ்த்துவிட்டுப் போனார்.

புழுச் சிரட்டையை எங்கே வைப்பது என்று மகள் என்னைத்தான் கேட்டாள். குசினிக்குள் கொண்டுவராதே, பின்னால் சுவரில் வை என்று இடம் காட்டியவள் நான்.

அன்று பின்னேரம் இவர் கத்தியை எடுத்துக்கொண்டு தனியப் போனார். முள்ளுக் கொப்புகளை இழுத்து ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு, கை முழுக்கக் கீறலோடு வந்தார். நான் ஒருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாய் நீளமானவளுக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

அடுத்த சனி, படலையில் பை தொங்கியது.

குளத்தை மூடச் சொன்னவளுக்குக் குளத்து மீன். நக்கல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பையோடு தூக்கி ஒழுங்கையில் நின்ற நாய்க்கு எறிந்தேன். அதற்கடுத்த சனி வேலைக்குப் போகாமல் படலைக்குப் பின்னால் நின்றேன். பதினான்கு வயதுப் பெடியன் ஒருவனும் அவனுக்குப் பின்னால் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சின்னப் பெட்டையும் வந்தார்கள். பெட்டையின் கையில் பை. கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நான் வெளியில் வந்தேன்.

"ஆர் உங்களை இதைக் கொண்டுவரச் சொன்னது?"

பெடியன் பயப்படவில்லை. ஒரு தெரியாத ஆளுக்குச் சட்டம் சொல்கிற மாதிரிச் சொன்னான். "ஒருத்தரும் சொல்லேல்ல அன்ரி. இது மூங்கில் தடியில பட்டது. தடிக்காரருக்குத்தான் மீன்."

"தடிக்காரிதான் இல்லையே."

"நீங்கள் தடியை எடுக்கேல்லத்தானே. மரத்தில இருக்கிற தடி எல்லாம் போடோணும். சும்மா வைச்சா மூங்கில் வெடிச்சிடும்."

பையை வாங்கினேன்.

அன்று சாம்பல் தேய்த்துச் செதில் எடுத்தேன். வெட்டும்போது பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் மீன் வழுகி வழுகிப் போனது. புளி விட்டுக் குழம்பு வைத்தேன். இவரும் நானும் சாப்பிட்டோம். அழுதுகொண்டு சாப்பிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன் என்று சொல்வதில்தான் வெட்கம்.

பிறகு சனிக்கிழமை எனக்கு ஒரு நாளாகிவிட்டது. மற்ற நாட்களில் சோறும் பருப்பும், இல்லாவிட்டால் கடைப் பாண். சனிக்கிழமை மட்டும் குசினியைக் கூட்டி, சட்டியைக் கழுவி, பத்தரைக்கே புளியைக் கரைத்து வைத்துவிட்டு இருப்பேன். அரை நாள் கூலியையும் விட்டுவிட்டேன். மீன் வந்தால் அவள் எங்கேயோ கரையில் நின்று, "அம்மா, இண்டைக்கு ரெண்டு" என்று அனுப்பிவிட்ட மாதிரி இருக்கும். மடைத்தனம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தாலும் அந்தப் பையின் பாரம் கையில் விழும்போது நெஞ்சுக்குள் ஒன்று இளகும். மீன் படாத சனிக்கிழமை அவள் திரும்பவும் ஒருமுறை செத்துப்போவாள்.

சித்திரை போனது, ஆவணி போனது. பெடியன் பரீட்சை என்று வருவதை விட்டுவிட்டான். சின்னப் பெட்டை மட்டும் பையைக் கொண்டுவந்தாள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் விடிய எழும்பி முரசுமோட்டைப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையைக் கொழுவிவிட்டுப் போகவில்லை. பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். திரும்பவும் திறந்து பார்த்தாள். நான் வெளியில் வந்தேன்.

"அன்ரி, இதைப் பொரிக்கிறனீங்களோ, குழம்பு வைக்கிறனீங்களோ?"

"குழம்பு. உங்கட வீட்டில?"

"எங்கட வீட்டில இண்டைக்குக் கறி இல்லை."

"ஏன், உனக்கு மீன் படேல்லையோ?"

"எனக்குத் தடி இல்லை அன்ரி. நான் அக்கான்ர தடியைத்தான் போடுறனான்."

"எப்ப தொடங்கி?"

"முதலே தொடங்கி. எல்லாருக்கும் அவை அவையின்ர தடி இருக்குத்தானே. எனக்குத்தான் இல்லை. அதால அக்கான்ர தடியை என்னைப் பார்க்கச் சொன்னவை."

எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துப் போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இவ்வளவு காலமும் புழு தோண்டியதும், வெயிலில் நின்றதும், இழுத்ததும் இந்த ஏழு வயதுப் பிள்ளை. தான் பிடித்த மீன் முழுவதையும், ஒன்று குறையாமல், சட்டப்படி என் படலையில் கொண்டுவந்து கொழுவியிருக்கிறாள். தன் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வர வேண்டும்.

அப்போதே நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் செய்யவில்லை. ஒரு மீனை அவளிடம் நீட்டினேன். "தடிக்காரருக்குத்தான்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சமைத்துக் கொடுத்துவிட்டால் வாங்கினாள். அதைச் செய்து என் மனதைச் சரிக்கட்டிக்கொண்டேன். மூன்று சனிக்கிழமை, தெரிந்துகொண்டே, அந்தப் பிள்ளையின் மீனைச் சாப்பிட்டேன். தடியைக் கொடுத்துவிட்டால் பிறகு படலைக்கு ஒன்றும் வராதே என்ற ஒரே பயம்தான். இவரிடம் சொன்னபோது அவர் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைத் துடைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"கொடுக்கத்தான் வேணும். நீதான் கொடுக்கோணும்" என்றார்.

நாலாவது சனி நான் குளத்தடிக்குப் போனேன். குளம் வந்த காலம் தொடக்கம் அன்றுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும் பிள்ளைகள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மூடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு சின்னவன் தன் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது. அப்போதுதான் அந்த வாய் வந்தது. "நான் அண்டைக்குச் சொன்னது பிழை பிள்ளையள்" என்றேன். அவர்களுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. மூட வரவில்லை என்பதுதான் முக்கியம். இருந்துவிட்டார்கள்.

சின்னப் பெட்டை சரிவில் மூங்கில் தடியோடு நின்றாள். தடி அவளைப் போல மூன்று மடங்கு நீளம். அடியைக் கக்கத்துக்குள் வைத்து அமத்திப் பிடித்திருந்தாள்.

"இது இனி உன்ர தடி" என்றேன்.

அவள் நம்பவில்லை. மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். தடிக்காரரின் வீட்டார் வந்து சொன்னால் செல்லும், ஆனால் கை அளவு வெட்ட வேண்டும் என்று முடிவானது. பெடியன் ஒருவன் தடியை வாங்கிக் கழுவினான். கத்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"அன்ரி, பழைய வெட்டைச் சீவி எடுக்கவோ?"

நான் தடியை வாங்கிப் பார்த்தேன். அடியில் மணிக்கட்டு வெட்டு ஒன்று. அதற்கு மேலே விரல் நுனி வெட்டுகள் மூன்று, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு. ஒன்பது, பத்து, பதினொன்று. நான் என் மணிக்கட்டை முதல் வெட்டில் பொருத்தி விரலை நீட்டினேன். மூன்றாவது வெட்டு என் நடுவிரலின் மேல் மூட்டில் வந்து நின்றது. வீட்டில் அவளுடைய சட்டை இருக்கிறது, செருப்பு இருக்கிறது, கொப்பிகள் அலுமாரிக்குள் இருக்கின்றன. அவளுடைய கை எவ்வளவு பெரிதென்று எனக்குச் சொல்ல வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. அது இவ்வளவு காலமும் இந்த மரத்தில் சாய்ந்து கிடந்தது, நான் வந்து பார்க்கவில்லை.

"சீவ வேண்டாம்" என்றேன். "அது இருக்கட்டும்."

சின்னவள் கையை வைத்தாள். அவள் விரல் நுனி ஒன்பது வயது வெட்டுக்கும் கீழே நின்றது. அங்கே புதிதாக ஒன்று வெட்டினார்கள். அவள் மேலே இருந்த மூன்று வெட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அன்ரி, நான் அக்காவை விட எப்ப பெரிசாவன்?" என்று கேட்டாள்.

"நாலைஞ்சு வருசத்தில" என்றேன்.

அன்று அவளுக்கு ஒரு யப்பான் பட்டது. புது வெட்டைத் தாண்டியது, மற்ற மூன்றுக்கும் எட்டாது. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு என் படலையைப் பார்க்காமல் நேரே தன் வீட்டுக்கு ஓடினாள். அதுதான் சட்டம். தடியைக் கொடுத்ததும் நானேதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை மீன் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே குசினியைக் கூட்டினேன். சட்டியைக் கழுவினேன். பத்தரைக்குப் புளியைக் கரைத்துவிட்டேன். பதினொன்றுக்குப் படலையடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டுக்கு இவர் வந்து, கையிலிருந்த புளிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "உள்ளுக்க வா" என்றார்.